தடைக்காலத்து வற்றல்

ஏப்ரல் பதினைந்தாம் தேதி
மண்டபம் ஜெட்டியில் விசைப்படகைக் கட்டிப்போட்டு
கைவீசி வந்தார் தொம்மை.
அறுபத்தொரு நாள்.
இத்தனை பெரிய ஆளை வீட்டுக்குள்
எந்த மூலையில் வைப்பதென்று தெரியாமல்
மொட்டைமாடியைக் கொடுத்தேன்.

கோயில் மதிலோரம் நான் பறித்த சுண்டைக்காய் ரெண்டு படி,
பாத்திரம் கழுவின தண்ணியிலேயே காய்த்த கொத்தவரை,
கடைசிப் பறிப்பென்று உச்சிப்புளி செய்யதம்மா
மடியிலிருந்து கொட்டிப்போன பச்சை முண்டு மிளகாய்,
குட்டைக் காம்பும் உப்பிய கன்னமுமாய்.

சுண்டைக்காயை நான் தட்டினேன்.
மிளகாயை அவர் கீறினார், வலை ஊசி பிடிக்கிற கையால்.
அப்புறம்தான் பார்த்தேன், உப்புப் பானை காலி.
கடைக்குக் கிளம்பியவளை நிறுத்தி
கடலைக் காட்டினார்:
"அம்புட்டு உப்பு கெடக்கு,
காசு குடுத்தா வாங்குவே?"

டீசல் வாசம் விட்டும் விடாத கேனில்
தண்ணீர் மொண்டு வந்து
அவரே ஊறவைத்தார். அவரே பரப்பினார்.
காக்காய்க்கு மேலே பழைய வலை.
நாலாம் நாள் கூழாங்கல் போலக் கலகலத்தது வற்றல்.
பாட்டிலில் அடைத்து, மூடியில் தட்டி,
என்னைத் திரும்பிப் பார்த்தார்.

விடிந்தால் எல்லாம் வேர்த்துக் கிடந்தன.
மறுபடி வெயில். மறுபடி பாட்டில். மறுபடி வேர்வை.
ஒன்றை வாயில் போட்டேன், கசப்பு
சுண்டைக்காயுடையது இல்லை.
கித்தேரியின் ஆடு முகர்ந்துவிட்டு
சுவரொட்டியைத் தின்னப் போனது.
"கடலை விட்டு வர மனசில்லாத உப்பு,
அது எப்பிடிக் காயும்?" என்றாள் கித்தேரி
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.
நான் சிரிக்கவில்லை.
கொஞ்சம் சிரித்தேன்.

ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை மனுசன்.
மறுநாள் வாலிநோக்கத்து உப்பு ரெண்டு கிலோவும்
புளித்த மோரும் அவரே வாங்கிவந்து
மாடிச் சுவரில் ஏறி உட்கார்ந்தார்,
அணியத்தில் உட்காருகிற மாதிரி.

வெயில் கொளுத்துகிற பதினோரு மணிக்கு
"கொண்டல் திரும்புது, எடுத்துரு" என்பார்.
எடுப்பேன், முணுமுணுத்துக்கொண்டே.
அன்றைக்குக் கித்தேரியின் கூழ்வடாம்
சாயங்காலம் வரை துணியை விடாமல் ஒட்டிக்கிடந்தது.
"கச்சான் வரட்டும்" என்பார்.
வந்தது,
மிளகாய்க் காட்டின் மேலாக, கருவேலந் தூசியோடு,
ஒரு சொட்டு ஈரமில்லாத மேல்காற்று.
பகலில் காற்று குடித்தது, ராத்திரியில் மோர்.
ஏழு நாளில் மிளகாய் சருகாகி
எலும்பு நிறத்துக்கு வந்தது.

பாட்டில்களில் நான் தேதி எழுதினேன், மே ஒன்பது.
அதற்குக் கீழே அவர் எழுதினார்,
கச்சான், நல்ல காத்து.

ஜூன் பதினாலு நடுராத்திரி
கஞ்சிக்கு ஒரு பொட்டலம் மோர்மிளகாயோடு
கடலுக்குப் போய்விட்டார்.
மாடி சட்டென்று ரொம்பப் பெரிசாகிவிட்டது.

அந்தத் தோற்ற பாட்டிலை மட்டும்
கொட்டவிடவில்லை.
மூடியில்லாமல் அடுப்படி ஜன்னலில் இருந்தது,
நான் மறந்துபோனேன்.
ஐப்பசியில் ஒரு விடியல்,
வானம் கழுவிவைத்த தட்டு.
செல்போனும் தெளிவு என்றது.
சட்டையில் ஒரு கை நுழைத்தபடியே
ஜன்னலண்டை போனவர் நின்றார்.
உள்ளே சுண்டைக்காய் அத்தனையும் நனைந்து மினுங்க,
அடியில் ஒரு விரற்கடை தண்ணீர்.
சட்டையைக் கழற்றினார்.
"இன்னைக்குப் போகலை. ரெண்டு மிளகாய் பொரி."

மழை அன்றைக்கு வரவில்லை.
கச்சான் பாட்டிலைத் திறந்து
மிளகாயை எண்ணெயில் போட்டுக்கொண்டே
பொழுது சாயும்வரை அவரைக் கேலி செய்தேன்.
ராத்திரி ரெண்டு மணிக்குக்
கூரைத் தகரம் தடதடத்தபோது
தூங்குகிற மாதிரி படுத்திருந்தார்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு.
நானும்தான்.