பாதிப் படகு

மே இருபது. மேற்குக் காற்று, அளவாக.
படகில் பாதி எனக்கு, பாதி கோர்மக்குக்கு.
எந்தப் பாதி யாருக்கு என்று
உயிலில் எழுதவில்லை.
முன்பலகையில் அவன் உட்கார்ந்தான்,
பின்பலகையில் நான்.
நடுவில் வழக்கிலிருக்கும் ஏழு ஏக்கர்.

படகுத்துறையில் ஓரன் என்றொரு பொடியன்
மே ஈ விற்கிறான், டஜன் இரண்டு யூரோ.
விடியற்காலையில் முட்புதர்களில் பொறுக்கியவை,
பச்சை இறகு இன்னும் காயாதவை.
ஆளுக்கொரு டஜன், தனித்தனியாகக் காசு கொடுத்தோம்.
அவனிடம் இருந்ததோ ஒரே மரப்பெட்டி.

வீசி எறிகிற வித்தையில்லை இது.
பதினைந்தடிக் கோல்.
நுனியில் முறுக்காத பட்டு, இரண்டு பாகம்.
பட்டின் முடிவில் கை நீளத்துக்குத் தங்கூசி.
பத்தாம் நம்பர் முள்ளில்
இரண்டு ஈயை நெஞ்சோடு கோத்து,
காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும்.
கோலை நிமிர்த்தினால் பட்டு விரிந்து எழும்பும்.
தாழ்த்தினால்
ஈ மட்டும் அலையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டு ஆடும்.
நூல் நனைந்தால் முடிந்தது.

படகு காற்றுக்குக் குறுக்காக மிதக்க வேண்டும்.
அதற்கு இரண்டு முனையிலும் எடை வேண்டும்.
பதினோரு வருடமாகப் பேசாத பங்காளியோடு
மே மாதத்தில் இரண்டு வாரம்
ஒரே படகில் நான் இருப்பதற்கு
வேறு காரணம் ஏதுமில்லை.

ட்ரௌட் ஈயை வாய்க்குள் வாங்கியதும்
கை துடிக்கும். துடிக்கட்டும்.
கோலைச் சாய்த்து, அது தலையைத் திருப்பிக்
கீழே போகும்வரை எண்ண வேண்டும்.
ஒன்று, இரண்டு, மூன்று.
கோர்மக் இரண்டில் இழுத்தான்.
எப்போதும் இரண்டில்தான் இழுப்பான்,
நீதிமன்றத்துக்குப் போனதும் அப்படித்தான்.
தங்கூசி அறுந்து
வெறும் பட்டு பறந்தது, நரைமயிர் போல.
நான் சிரிக்கவில்லை.
தோள் கொஞ்சம் குலுங்கியிருக்கலாம்.

மதியம் காற்று படுத்துவிட்டது.
ஏரி எண்ணெய் ஊற்றிய மாதிரி.
பட்டு கோலைச் சுற்றிக்கொண்டு தொங்கியது.
ஆளுக்கொரு துடுப்பு எடுத்தோம்.
அவன் வேகமாக வலித்தான், நான் மெதுவாக.
தீவைப் பார்த்துப் போக வேண்டிய படகு
தன்னையே சுற்றிச் சுற்றி வந்தது.
நீரடித்து நீர் விலகாது என்பார்கள்.
அடித்துப் பார்த்தவன் சொல்கிறேன்,
ஒரு நொடி விலகத்தான் செய்கிறது.

நான்கு மணிக்குக் காற்று திரும்பியபோது
காலையில் இருந்த பாறைத்திட்டின் மேலேயே
கிடந்தோம்.
என் ஈயை ஏதோ ஒன்று எடுத்தது,
தூங்குகிற குழந்தையின் அறைக்கதவைச்
சாத்துகிற மாதிரி.
ஒன்று.
இரண்டு.
"பொறு."
ஏரியில் வேறு யாரும் இல்லை.
மூன்று.

வலை அவன் பாதியில் இருந்தது,
அதனால் அவன்தான் அள்ளினான்.
மூன்று பவுண்டு இருக்கும்.
வெண்ணெய் நிற வயிறு,
சிவப்புப் புள்ளி ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம்.
கடைவாயில் என் முள்.
மேலுதட்டில் இன்னொரு முள், அதே பத்தாம் நம்பர்,
ஒரு சாண் தங்கூசி தொங்கிக்கொண்டு.
முடிச்சைப் பார்த்ததும் தெரிந்தது.
அவன் ஒரு சுற்று குறைத்தே போடுவான்.

என் சட்டைப்பையில் வக்கீல் ஹெஃபர்னனின் கடிதம்,
கரையேறியதும் அவனிடம் கொடுக்க வேண்டியது.
இந்த மீனைப் பார்த்தால் அந்த அம்மாள்
இன்னொரு வழக்கு எழுதிவிடுவாள்.

முள்ளை ஆளுக்கொன்றாகக் கழற்றினோம்.
யார் கை முதலில் திறந்தது என்று தெரியாது.
கேட்டால் நான்தான் என்பான்,
கேட்கப் போவதில்லை.
வால் அடித்த நீர் இரண்டு பேர் முகத்திலும்.

பெட்டியில் மிச்சம் நான்கு ஈ.
இரண்டை எடுத்துக்கொண்டு
பெட்டியை முன்பலகைப் பக்கம் காலால் தள்ளினேன்.
காற்று இன்னும் அரைமணி தாங்கும்.