நட்சத்திரம், சமன்குறி

கிளைப்பெடாவில் நவம்பர். நாலரைக்கே இருட்டு.
துறைமுக அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்
நானும் ஒரு நானூற்று மூன்றும்.

பழைய சப்வெர்ஷன் கிடங்கிலிருந்து
கிட்டுக்கு ஒரு பாலம் போட வேண்டும், வெள்ளிக்குள்.
பதினைந்து வருடக் கிரேன் நிரல்.
ஒவ்வொரு கமிட்டாக அக்கரை சேர்க்கிறேன்.
நாலாயிரத்து நானூற்றுப் பதினாறு வரை
சொன்ன பேச்சு கேட்டு வந்தன.
அடுத்தது வாசலில் நிற்கிறது.
அனுமதி இல்லை.

பாஸ்வேர்டா? மூன்று முறை அடித்துப் பார்த்தாயிற்று.
சான்றிதழா? வசந்தம் வரை உயிர் இருக்கிறது அதற்கு.
மறைந்திருந்த கோப்புறையில் யாரோ ஒரு ரோலந்தாஸின்
பழைய உள்நுழைவு ஒட்டிக்கொண்டிருந்தது,
துடைத்தேன்.
அப்போதும் அதே.
பிரவுசரில் போனால் கிளை திறக்கிறது,
கோப்புகள் பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்கின்றன.
பாலம் போனால் மட்டும் மூடிக்கொள்கிறது.
சாமி வரம் கொடுத்துவிட்டது.
பூசாரியைத்தான் காணோம்.

பூசாரி பெயர் கிந்தவுதாஸ்.
கீழ்த்தளத்தில், சர்வர் இரைச்சலுக்குப் பக்கத்தில்,
கறுப்பு ரொட்டியும் புகைபோட்ட விலாங்கும்.
‘ஸ்கிர்மாந்தே, உனக்குத்தான் எல்லாம் கொடுத்திருக்கிறேனே.’
கொடுத்திருக்கிறார், உண்மைதான்.
ஆனால் பாலத்துக்கு இன்றைய கிளை போதாது.
எதிலிருந்து நகலெடுத்தார்கள், அது எங்கே பிறந்தது என்று
பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி
பூர்வீகம் வரை விசாரிக்கும்.

அந்தப் பதினேழு
இன்னொரு கோப்புறையின் நகல்.
கண்ணாடியை மாற்றிக்கொண்டு அனுமதிக் கோப்பைத் திறந்தார்.
நூற்றுப் பன்னிரண்டாம் வரி:
ஒரு நட்சத்திரம், ஒரு சமன்குறி,
அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

நட்சத்திரம் என்றால் எல்லோரும்.
ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை.

விலாங்கைக் கீழே வைத்துவிட்டார்.
ஏழாம் எண் கிரேன், என்றார். பிப்ரவரி. பனி.
கொக்கி தாழ்ந்துகொண்டே போனது, சென்சார் சரி என்றே சொன்னது.
விசாரணை முடியும்வரை யாரும் தொடக்கூடாதென்று
நான்தான் மூடினேன், என்னையும் சேர்த்து.
மே மாதம் முடிந்துவிட்டது விசாரணை.

எந்த வருட மே என்று நான் கேட்கவில்லை.

சமன்குறிக்கு அந்தப்பக்கம்
ஓர் எழுத்தைத் தட்டினார்.
படிக்க மட்டும்.

மேலே வந்து மறுபடி ஓட்டினேன்.
பதினேழு வந்தது. பதினெட்டு, சிரமமில்லாமல்.
இருபத்தொன்றில் வேறு மாதிரி நின்றது:
வைட்குஸ் என்ற பெயர் ஆசிரியர் பட்டியலில் இல்லை.

கீழே போன் செய்தேன்.
கொஞ்ச நேரம் சர்வர் மட்டும் பேசியது.
பிறகு எழுத்தெழுத்தாகச் சொன்னார்,
ஜி-கி-மாந்-தாஸ்.
மின்னஞ்சல்?
‘பழையதையே போடு. போய்ச் சேராது.
அதனாலென்ன, போடு.’

போட்டேன்.
ஜன்னலுக்கு வெளியே ஏழாம் எண் கிரேன்
ஒரு பெட்டியைப் பாதி தூக்கி, நின்று,
ஏதோ சரிபார்த்துக்கொண்டு, மெதுவாக இறக்கியது.
இருபத்திரண்டு.