தலையசைப்பு

தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு
அது நின்ற இடத்தில் பதினான்கு மடக்கு நாற்காலிகள்.
தரையில் ஓர் எண்ணெய்க் கறை. அதைச் சுற்றித்தான் எங்கள் வட்டம்.
செவ்வாய் இரவு, ஆறரை மணி.
க்ளின்ச் ஆற்றுப் பக்கமிருந்து மழை ஏறி வந்தால்
கூரைத் தகரம் எங்களுக்கு முன்பாகவே தாளம் எடுத்துவிடும்.

நடத்துகிறவள் டெலானி கைசர்.
பகலில் மாட்டுத் தீவனக் கடையில் மூட்டை எடை போடுபவள்.
முதல் நாளே சொல்லிவிட்டாள்:
"மூன்று கார்ட் தெரியுமா? போதும், உட்காருங்கள்.
பாடுகிறவர் குரல் காதில் விழவில்லை என்றால்
சத்தம் உங்களுடையது.
தப்பினால் நிற்காதீர்கள். பாட்டு பஸ் மாதிரி,
விட்டவருக்காகப் பின்னால் வராது.
அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்ளுங்கள்."

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்.
இருபத்து மூன்று வருடத்தில் இரண்டு முறை
ஒரு பிள்ளைக்காகப் பின்னால் எடுத்திருக்கிறேன்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

என் மாண்டலின் அடமானக் கடையில் வாங்கியது.
பெட்டிக்குள் யாருடையதோ ஒரு நூலக அட்டை, இன்னும் அங்கேயே.
உன் வேலை சுலபம் என்றார்கள்:
பேஸ் 'தும்' என்றால் நீ 'சக்'.
தும், சக். தும், சக்.
அடித்த கணமே விரலைத் தளர்த்தி
ஒலியை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும்.
எட்டுத் தந்தி, நாலு விரல். சுண்டுவிரல் மட்டும்
ஒவ்வொரு வாரமும் தாமதமாக வந்து சேர்ந்தது.

தனி வாசிப்பு, சர்ச்சில் காணிக்கைத் தட்டு போல
ஆள் ஆளாய்ச் சுற்றி வரும்.
நம்மிடம் வரும்போது டெலானி முகத்தைப் பார்ப்பாள்.
மேலும் கீழும் அசைத்தால் சரி.
பக்கவாட்டில் என்றால் வேண்டாம்,
யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், தட்டு நகர்ந்துவிடும்.
ஏழு வாரம் பக்கவாட்டில் அசைத்தேன்.
கழுத்து நன்றாகத் தேறிவிட்டது.

எட்டாம் வாரம் கதவு திறந்தது.
மறந்துபோன குடையை எடுக்க ஹோபர்ட் வந்தான்.
வாப்பா என்பதாய் அவனைப் பார்த்துத் தலையசைத்தேன்.
டெலானி அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

பாஞ்சோ தணிந்தது. கிட்டார் தணிந்தது.
ட்ரெஸா ஸ்டாலர்ட் பிடிலிலிருந்து வில்லைத் தூக்கிக்கொண்டாள்.
ஒரு மேசை நிறைய இடம் ஒழித்துக் கொடுத்தது போல.
அவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?
கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது: சக். சக்.
பிறகு மெட்டிலிருந்து ஒரு சுரம் அகப்பட்டது.
அடுத்தது அகப்படவில்லை.
அதற்கடுத்தது அகப்பட்டது, வேறொருவர் வீட்டு வாசலில்.
நடுவே இரண்டு அடி வெறுமையாய் ஓடிற்று.
அதில் கார்லண்டின் பேஸ் மட்டும்
அவசரமில்லாமல் கால் மாற்றி நடந்து போனது.
முடிந்ததும் ஹோபர்ட் கைதட்டினான், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
அவன் மட்டும்தான். அவனுக்குச் சங்கீதம் தெரியாது.

கடைசிப் பாட்டின் நடுவில் சைரன்.
கார்லண்ட் பேஸைத் தரையில் கிடத்தினான்,
ஒரு பூட்ஸில் கால், மறு பூட்ஸ் கையில், ஓடினான்.
வெளியே வண்டி உறுமிக் கிளம்பியது.
டெலானி பாடுவதை நிறுத்தவில்லை.

தும் இல்லை.
அது விழவேண்டிய இடம் மட்டும் வந்து வந்து போனது,
அதன் பின்னால் என் சக்.
பதின்மூன்று பேரில் யாருக்கும் வேறு பிடிமானம் இல்லை என்பது
எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது; உறைத்ததும் வியர்த்தது.
ட்ரெஸா குதிகாலால் சிமெண்டைத் தட்டத் தொடங்கினாள்.
சுண்டுவிரல் வந்துவிட்டதா என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

டெலானி ஒரு காலை முன்னே நீட்டினாள்: முடிக்கிறோம்.
எல்லோரும் ஒன்றாய் நின்றார்கள்.
நான் ஒரு சக் அதிகம்.

நாற்காலிகளை மடக்கும் நேரத்தில் கார்லண்ட் திரும்பி வந்தான்,
மயிர் கருகிய வாசனையோடு.
"கோழிக்கொட்டகை. சின்னதுதான்" என்றான்.
பேஸை நிமிர்த்தி ஒரு தந்தியைச் சுண்டிப் பார்த்துவிட்டு
"எதில் விட்டோம்?" என்று கேட்டான்.
"ஜி" என்றேன்,
யாரும் என்னைப் பார்ப்பதற்கு முன்னால்.