கயிறு கட்டிய சதுக்கம்

புந்தா அரினாஸில் வசந்தம் என்றால்
பூ இல்லை, காற்று.
அக்டோபர் பிறந்ததும் நகராட்சி ஆட்கள் வந்து
சதுக்கத்து மூலைகளில் கயிறு கட்டிவிட்டுப் போவார்கள்,
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
முதல் வருடம் அதைப் பார்த்து
துணி காயப்போட என்று நினைத்தேன்.
யோர்மான் இன்னமும் ஆலையில் சொல்லிச் சிரிக்கிறான்.

மரகாய்போவில் நாங்கள் வெயிலுக்கு மட்டும்தான் பயந்தோம்.
அங்கே என் பெயர்ப்பலகை இருந்தது,
பல் மருத்துவர் மைகுவாலிதா என்று.
இரண்டு நாற்காலி, இரைகிற குளிர்சாதனம்,
சுவரில் ஓர் ஐந்தாண்டுத் திட்டம்.
இங்கே நண்டுக்குக் கால் பிரிக்கிறேன்.
மூட்டில் பார்த்து ஒடித்தால் சதை முழுசாக வரும்.
கடைவாய்ப்பல்லும் அப்படித்தான்,
அவசரப்பட்டால் வேர் உள்ளேயே தங்கிவிடும்.
நவம்பரோடு பருவம் முடிகிறது.
ஒப்பந்தமும்.

வந்த புதிதில் ஒரு நோட்டு நிறைய எழுதினேன்:
பட்டத்துக்கு அங்கீகாரம்,
சொந்தமாய் ஒரு நாற்காலி,
தங்கையை வரவழைப்பது.
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வருடம்.
வருடங்கள் வந்தன,
எதையும் தொடாமல் போயின.
போன மாதம் புதுப் பக்கம் திருப்பி
வியாழக்கிழமை வரைக்கும் மட்டும் எழுதினேன்:
முட்டை.
இடது பூட்ஸுக்கு அடி ஒட்ட வேண்டும்.
தங்கையின் குரல் பதிவைப் பாதியில் நிறுத்தாமல் கேட்க வேண்டும்.
இரவு ஒரு மணிக்கு எழுந்து
விண்ணப்ப நிலையைப் பார்க்கக் கூடாது.
பார்த்தாலும் என்ன,
பதினான்கு மாதமாய் அதே இரண்டு சொல்:
பரிசீலனையில் உள்ளது.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் என் டோக்கன் அறுபத்து நான்கு.
கணினி அப்படித்தான் சொல்கிறது என்றாள் அந்தப் பெண்.
சொல்லிவிட்டு, என்ன தோன்றியதோ,
மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள்.
அரசாங்கம் இதுவரை எனக்குத் தந்தது அது ஒன்றுதான்.
புதினா.

வெளியே காற்று ஆளைத் தூக்கியது.
கயிற்றில் வரிசையாய் நாங்கள்:
கடற்படைப் பையன் ஒருவன்,
காய்கறிக் கூடையோடு ஒருத்தி,
எனக்கு முன்னால் கேக் பெட்டியோடு ஒரு வழுக்கைத் தலைக்காரர்.
ஒருவர்கூட நேராக நிற்கவில்லை.
அது தள்ளுகிற அளவுக்கு இது சாய்ந்து,
யாரோ ஓர் அச்சுக்காரன்
மொத்த வரியையும் சாய்வெழுத்தில் போட்டதுபோல.
கை மாற்றிக்கொள்கிறேன், ஒரு நிமிடம் பிடியுங்கள் என்றார்.
கயிற்றை விட்டுவிட்டுப் பெட்டியைப் பிடித்தேன்,
இரண்டு கையாலும்.

அப்போது பார்த்து காற்று நின்றது.

அத்தனை நேரம் விழாதவர்கள்
நின்றதும் விழுந்தோம்,
கடற்படையும் காய்கறியும் நானும்,
முழங்காலில், ஒருவர்மேல் ஒருவர்.
எதிர்த்துச் சாய்ந்தே பழகிய உடம்புக்கு
எதிரே ஒன்றும் இல்லையென்றால்
நிற்கத் தெரியவில்லை.
இதை எந்த நோட்டில் எழுதுவது?

அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார்.
அயெலேன் என்ற பெயர் ஒரு மூலைக்கு நகர்ந்து
எழுத்தெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.
எண்ணினார். ஆறும் இருக்கிறது என்றார்,
பெரிய லாபம் கண்டவர்போல.
அதற்குள் மறுபடி காற்று.
மறுபடி கயிறு.

முட்டை வாங்க மறந்துவிட்டேன்.
இரவு யோர்மான் வந்து கதவைத் தட்டி
வாயைத் திறந்து காட்டினான்.
கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன்:
இடது கீழ், ஆறாவது பல்.
என் பட்டம் பரிசீலனையில் இருக்கிறது,
கண் இல்லை.
சனிக்கிழமை மருத்துவமனை வரிசையில்
கூட வந்து நிற்கிறேன் என்றேன்.

நோட்டை எடுத்து
வியாழனுக்குக் கீழே வெள்ளி என்று எழுதி
எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டேன்.
அதற்குக் கீழே சனி:
யோர்மானின் பல்.