பதினோரு குலை

சுங்கை சிப்புட்டில் ஆலைப் புகை
காலை ஏழரைக்கே வெயிலைக் கொஞ்சம் தணித்துத் தருகிறது.
காசில்லாத ஃபில்டர் என்று சிரிக்கிறான் ஆ கியோங்,
லோரியிலிருந்து விளக்குகளை இறக்கியபடி.

செம்பனைக்கு அடியில் வெளிச்சம் பச்சை.
யார் முகத்தில் விழுந்தாலும்
காமாலைக்காரராக்கிவிடும்.
வெள்ளைத் துணி விரித்துத்
தோலின் சிவப்பை மீட்டெடுக்க
இருபத்திரண்டு வருடமாகப் படிக்கிறேன்.
இன்னும் பாதிதான் வருகிறது.

அதற்கு முன்பு கல்யாணங்கள்.
தாலி ஏறும் நொடியில்
யாரோ ஒரு மாமாவின் முதுகு
எப்போதும் லென்ஸை மறைத்து நிற்கும்.
பிறகு முகப்பூச்சு விளம்பரம்.
ஏழு நாளில் வெளுக்கும் பெண்ணை
ஏழு நிமிடத்தில் நான்தான் வெளுக்கவைத்தேன்,
பூச்சைத் தொடாமலே,
லென்ஸை ஒரு ஸ்டாப் திறந்து.
அந்தப் பணத்தில்தான் வீட்டுக்கு முன்பணம் கட்டினேன்.
பேட்டிகளில் இதைச் சொல்வதில்லை.

இன்றைய காட்சி சின்னது.
ஒருவர் செம்பனைக் குலையைக் கம்பியில் குத்தித்
தூக்கி லோரியில் எறிய வேண்டும்.
நடிகருக்கு இரண்டாம் ஒத்திகையிலேயே
இடுப்பு பிடித்துக்கொண்டது.
பக்கத்து வரிசையில் வேலையாக இருந்த
சகாதேவனைக் கூப்பிட்டோம்.

"மூஞ்சி தெரியல, லைட்டப் போடு"
என்றான் இயக்குநர் தினேஷ்வரன்.
தெரிகிறது என்றேன்.
அந்தக் கறுப்புக்குள் நெற்றி வேறு, கன்னம் வேறு,
கழுத்து வேர்வை தனிக் கோடு.
மீட்டர் சொல்வதை நம்பாதே,
அது எல்லாத் தோலையும்
சாம்பலாக்கப் பார்க்கும் பெட்டி.

அரை மணி நேரச் சண்டை.
நடுவில் மேகம்,
யாருடைய மோட்டார் சைக்கிளோ,
ஃபோக்கஸ் நழுவிய இரண்டு.
ஒரே குலையைப் பதினோரு முறை எறிந்தார் சகாதேவன்.

முடிந்ததும் தோளைத் துடைத்துக்கொண்டு
கணக்குப் பார்க்கும் யோகமலரிடம் போய் நின்றார்.
"பதினோரு குலை."
"ஒன்னுதானே அண்ணே?"
"ஒங்களுக்கு ஒன்னு."

அவள் என்னைப் பார்த்தாள்.
நான் எண்ணிக்கொடு என்றேன்.

இரவு, தங்கும் விடுதியில், போட்டுப் பார்த்தோம்.
நான்காவதில் குலை மேலே போகும்போது
நிழலுக்குள் அவர் உதடு அசைகிறது.
"என்னா ஃபீலிங் பாரு,
சாமிய நெனச்சுக்கிறாரு"
என்று என் நாற்காலியைப் பிடித்து உலுக்கினான் தினேஷ்வரன்.

பின்னோக்கி ஓட்டினேன்.
மறுபடியும் ஓட்டினேன்.
நாலு, என்கிறது உதடு.

ஒன்றும் சொல்லவில்லை.
இதையே வைத்துக்கொள்,
ஆனால் வெளிச்சம் ஏற்றாதே
என்றேன்.