கைநாட்டு

தொடாமல் பிடி என்றார்கள்.
இரண்டு விரலை உருளையின் துளைக்குள் விட்டு விரித்தால்
மெழுகின் வெளித்தோலில் யாரும் படமாட்டோம்.
மூன்று வருஷம் அப்படித்தான் பிடித்தேன்
சேன்த் குருவாவில்,
ஜூரா மலைப் பனி ஜன்னலில் பாதிக்கு ஏறி நிற்கும் பட்டறையில்.

அன்று வந்தது இவெர்தோன் ரொட்டிக்கடைக்காரியின் பாட்டு.
மதாம் பெர்த் ரோஷா. இரண்டு நிமிஷம்.
ஒரு தடவைதான் பாடினாளாம்,
மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டதாம்.
நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் தேயும்.
யாருமே கேட்காத பாட்டை
ஒட்டக முடித் தூரிகையால் தூசி தட்டினேன்.

உருளை நழுவியது.
பிடித்துவிட்டேன்.
கட்டைவிரலால்.

உலீஸ் குவாந்தே பார்க்கவில்லை.
பாதரசக் குடுவையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான்,
எண்பத்தாறு, எண்பத்தேழு,
ஒவ்வொரு தடவையும் கண்ணாடி மணிக்குள்ளிருந்து
ஒரு வாய் காற்று குறைந்தது.

குரல் போகமுடியாத இடத்தில் குரலை வைத்துப் பூட்டுகிறோம்.
வேலைக்குச் சேர்ந்த வாரம்
அவன் உள்ளே ஓர் அலாரக் கடிகாரம் வைத்துக் காட்டினான்:
சுத்தியல் அடிக்கிறது, அடிக்கிறது,
எதிர்வீட்டுச் சண்டையைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பதுபோல.
அன்று சிரித்தேன்.

பிறகு மின்சாரம்.
இருபுறமும் தொங்கும் தங்கத் தாள்களைச் சுற்றிக்
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வெளிச்சம்.
அடியில் காந்தம் சுற்ற உருளையும் சுற்றும்.
தங்கம் உருகாது, ஒழுகாது,
தாளை விட்டுத் தானே கிளம்பிப் போய் மெழுகில் உட்காரும்.
பொன் வைக்கிற இடத்தில் பூ வைப்பது இல்லாதவர் வழக்கம்.
நாங்கள் பொன்னே வைத்தோம்,
பூவின் வாசம் அளவுக்கு.

கண்ணாடியின் உட்சுவரில் படிந்ததை
விளக்குக்கு நேரே பிடித்தால் பச்சையாகத் தெரியும்.
அந்தப் பச்சையையும் துணியால் துடைத்து,
துணியை எரித்து, சாம்பலை நிறுப்பார் முதலாளி.

செம்புத் தொட்டியில் மூன்று நாள்.
நாலாம் நாள் வாசலில் வைத்தோம், குளிரில்.
மெழுகு சுருங்கிக் கழன்று உடைந்தது.
நான்தான் கூட்டி அள்ளினேன்.
மதாம் ரோஷா பாடியது அந்த முறத்தில் இருந்தது.
மிச்சம் ஒரு செம்புக் குழாய்,
உள்ளே தங்கம், பள்ளமெல்லாம் மேடாக.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
பாட்டின் ரேகை. அதன் குறுக்கே இன்னொரு ரேகை:
சுழி, கிளை,
பத்து வயதில் அரம் கிழித்த தழும்பு.
தங்கம் யாரையும் யாரென்று கேட்கவில்லை.

நானும் சொல்லவில்லை.
வாடகை பாக்கி இருந்தது.
அந்த அச்சில் முன்னூறு வார்த்தார்கள், பெட்டி கட்டினார்கள்.
சனிக்கிழமை சம்பளப் பேரேட்டில் என் பெயரை எழுதினேன்,
அதலீன் மார்கோ, வளைவெல்லாம் சரியாக.
கையெழுத்து நன்றாயிருக்கிறதே என்றார் முதலாளி.
கைநாட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை.

மே மாதம். தெருவெல்லாம் பனி உருகிய சேறு.
தபால் ஆபீசுக்கு எதிரே ஒரு மாடி ஜன்னல் திறந்திருந்தது.
பாட்டு.
நான் நினைத்ததைவிடத் தடித்த குரல்,
மாவு பிசைகிறவளின் குரல்.
இரண்டாம் அடி முடிகிற இடத்தில் ஆரம்பித்தது:
சர், சர், சர்,
ஒரு சுற்றுக்கு ஒன்றாக, முப்பது சுற்று.
யாரோ அவளுக்குப் பின்னால்
பாவாடை உரச நடந்து போகிறார்கள்.
போய்விட்டார்கள்.
அப்புறம் அவள் மட்டும்.

மேலே ஒரு குழந்தை கேட்டது, யாரது என்று.
பாடுகிறவள், வேறு யார், என்றது ஆண்குரல்.
இல்லை, நடந்தது.

சேற்றில் நின்றேன்.
அவர்கள் மறுபடி சாவி கொடுத்தார்கள்.