இழுவை

எல்லாருக்கும் ஒரே அளவுச் சட்டை வந்திருந்தது.
நெஞ்சில் இருக்க வேண்டிய நங்கூரம்
குர்தியாலுக்குத் தொப்பையில் இறங்கிவிட்டது.
எனக்கு அக்குள் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது.
பதினேழு பேர், நான்கு ஊன்றுகோல்,
ஒரு சக்கர நாற்காலி.
மூன்று முறை கழிப்பறைக்காக நின்ற பேருந்து
வெயில் ஏறியபின் எஸ்பிளனேட் வந்து சேர்ந்தது.

நான் ஸ்டோக்கர்.
பதினோரு ஆண்டு கப்பலில் இருந்தும்
கடலைப் பார்த்தது குறைவு.
தகட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது கடல், அவ்வளவுதான்.
அறைகிற சத்தத்தில் காற்று எந்தத் திசை என்று சொல்வேன்.
நிறம் வேண்டுமென்றால்
வைத்திலிங்கத்தைத்தான் கேட்க வேண்டும்.
அவர் சிக்னல்காரர், மேல்தளம், கொடியும் விளக்கும்.
இந்த ஆண்டுப் பட்டியலில்
அவர் பெயர்மேல் ஒரு கோடு.

கோட்டைக்குள் வழிகாட்டி ஷு லிங்,
இருபத்திரண்டு வயது இருக்கும்,
பீரங்கியின் வயதைச் சொன்னாள், எடையைச் சொன்னாள்,
பிள்ளை வரம் வேண்டி அதன் வாயில்
பூச்செருகிய பெண்களின் கதையைச் சொன்னாள்.
"எனக்கு ஏழு, பூ வேண்டாம்" என்றார் ஹாஷிம்.

"இந்தக் கோட்டை ஒரு போரையும் பார்த்ததில்லை."
"எங்களைப் போல" என்றான் ஜமாலுதீன்.
சிரித்தோம்.
"அப்படியானால் என்னதான் செய்தீர்கள், பாக்சிக்?"

கேட்டதில் கள்ளமில்லை.
கடற்கொள்ளையரை விரட்டினோம் என்றார் ஒருவர்.
வெள்ளத்தில் அரிசி ஏற்றினோம் என்றார் ஒருவர்.
அணிவகுப்பு. பெயின்ட். மறுபடியும் பெயின்ட்.
அந்த இரவை யாரும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
கிழக்குக் கரை, பருவக்காற்று ஓய்ந்த மாதம்.
இரவு இரண்டரைக்கு எஞ்சின் முனகிற்று.
பின்னால் எதையோ கட்டியிருக்கிறார்கள்.
மணி 'மெதுவாக' என்றது.
சுமை லாரி மேட்டில் விடும் மூச்சு.
குழாயில் உள்ளங்கை வைத்து
நடுக்கத்தில் எடை பார்த்தேன்.
மரப்படகு.
காலிப் படகு என்றால் துள்ளும்.
இது துள்ளவில்லை.
கரைக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.
என் அறையில் திசைகாட்டி கிடையாது.

நாலே காலுக்கு எஞ்சின் லேசாயிற்று,
ஒரே நொடியில்,
கையிலிருந்து பை நழுவினால் தோள் எழும்புமே, அப்படி.
கரையென்றால் முதலில் வேகம் குறையும்,
மணி அடிக்கும், நிற்போம்.
நாங்கள் நிற்கவில்லை.
எண்ணெய்ச் சூட்டை நோட்டில் எழுதினேன்,
நேரம் போட்டேன், கையெழுத்துப் போட்டேன்.
விடிந்ததும் வைத்திலிங்கத்திடம் கேட்டேன்,
"இன்றைக்குக் கடல் என்ன நிறம்?"
எப்போதும் ஏதாவது சொல்வார்,
தேயிலைத் தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர் என்று.
அன்று "போய்த் தூங்கு" என்றார்.

நினைவுத் தூணில் மலர்வளையம் வைத்தோம்.
கை நடுங்கியவர்களுக்குப் பக்கத்து ஆள் பிடித்துக்கொண்டார்.
கல்லில் இருந்த பெயர்களில் ஒன்றும்
எங்கள் கப்பலுடையதல்ல.
பிறகு நாசி கண்டார், வரிசை நீளம்,
சர்க்கரை மாத்திரை ஒரு கை மறு கைக்கு மாறிற்று.

மாலை பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரி.
ஜமாலுதீன் பின்பக்கக் கம்பியில் சாய்ந்து
நுரை விரிந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அந்தக் காலத்தில் பின்தளம் அவன் பொறுப்பு.
கயிறுகள் அவனுடையவை.
பக்கத்தில் போய் நின்றேன்.
செருப்பைக் கழற்றித் தளத்தில் பாதம் வைத்தேன்.
"சும்மா ஓடுகிறது, ஒரு சுமையும் இல்லை" என்றேன்.
திரும்பாமலே கேட்டான்,
"கீழே உனக்குத் தெரிந்ததா?"
"நாலே கால்" என்றேன்.

வெகுநேரம் பேசவில்லை.
ஜார்ஜ் டவுனில் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கியது.

"நாலு பன்னிரண்டு" என்றான்.

யாரோ படம் எடுக்கக் கூப்பிட்டார்கள்.
எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றோம்.
நான் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.
நிறம் சொல்லத் தெரியவில்லை.